ஜலஜாட்சி காத்திருந்த குமட்டல்

மால்பே மீன் சந்தையில் பன்னிரண்டு வருடமாக மத்தி விற்பவள் ஜலஜாட்சி. முன்பு இரண்டு முறை கருவுற்றபோதும் எட்டாவது வாரத்தில் குமட்டல் சட்டென்று நின்றது, கருவும் கலைந்துபோனது. அதனால் இம்முறை தினமும் காலையில் குமட்டல் வரவேண்டுமே என்று தவித்தாள். பத்தாவது வாரமும் வந்தது. கூடையைத் திறந்ததும் வாடை தாங்காமல் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

பக்கத்தில் விற்கும் கிரிஜா கத்தினாள். "ஏண்டி, உன் மீனு உனக்கே ஆகலன்னா வேற எவடி வாங்குவா?"

ஜலஜாட்சி வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வாங்காட்டி போகட்டும்க்கா! நேத்து ஸ்கேன்ல பார்த்தேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கு, அதுக்குள்ள கையைக் காலை ஆட்டுது! நெஞ்சு குதிரையாட்டம் ஓடுது!"

கிரிஜா எழுந்து அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதை நான் வித்துத் தரேன். நீ நல்லா வாந்தி எடு, மகராசி!"