பதினேழாம் நம்பரின் சிவப்புப் பொட்டு

ஓய்வு கொடுத்த போலீஸ் துப்பாக்கிகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது சுடுமா?

சுடாது. உள்ளே தோட்டாவைத் தட்டுகிற ஊசியை எடுத்து, குழாயை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் அரசாங்கப் பேப்பர் வாங்கித்தான் இங்கே கொண்டுவருகிறார்கள். இதை நான் நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பில் போடுகிற கவுண்டரிலும் ஸ்கேன் எடுக்கிற இடத்து வாசலிலும் உட்கார்ந்து ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற அக்கா தங்கச்சிமார்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரர் தட்டில் கை வைத்துக்கொண்டு ரசம் சுடுமா என்று கேட்டார். நான் பாட்டுக்கு, "சுடாதுங்க, கவர்மெண்டு பேப்பர் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

இடம், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு தெருவில் இரண்டு அறை. ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்த காட்சிக்கூடம். கழித்துக் கட்டிய துப்பாக்கிகளைத் தேடிக் கொண்டுவருவதும், அது எந்த ஸ்டேஷனில் யார் இடுப்பில் இருந்தது என்று கண்டுபிடிப்பதும் காதர் சாருடைய வேலை. பூந்தமல்லிக்காரர். போலீசில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற பிரிவில் இருந்தவர். பெருக்குவது, துடைப்பது, கதவு திறப்பது, சாருக்குக் கண் மங்கல் என்பதால் நம்பரைப் படித்துச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. நான் ஆறாவதோடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும், நம்பர் வேகமாக வரும். புது ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். செருப்பை வாசலில் விடச் சொல்வதால் வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். என் பாப்பா போகிற அங்கன்வாடி எதிரிலேயே இருக்கிறது. இப்படி ஒரு வேலை எனக்கு இன்னொன்று கிடைக்காது. அதை மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

வண்டியில் வந்த ஆறு பேர்

நான் சேர்ந்த முதல் வாரமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு ரிவால்வர் கிடைத்தது. ஒரு பழைய கிடங்கில் கிடந்தவை. கொண்டுவர வண்டி தேவைப்பட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரையே கூப்பிட்டோம். பின் சீட்டில் காதர் சார், துணைக்கு வந்த ஒரு போலீஸ்காரர், நடுவில் பூட்டுப் போட்ட பெட்டி, ஓரத்தில் நான். வீட்டுக்காரர் வழி முழுக்க பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பிரசவத்துக்குப் போகிற பொம்பளையை ஏற்றினவர் மாதிரி ஓட்டினார்.

திருமுல்லைவாயில் பக்கம் டிராஃபிக் போலீஸ் கை காட்டினார். துணைக்கு வந்தவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். காதர் சார் பெருமையாகக் கோப்பைத் திறந்து, துப்பாக்கிக்கு ஒன்றாக ஆறு பேப்பரையும் சீல் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார். டிராஃபிக்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி இன்சூரன்ஸ் கேட்டார். வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவினார், சீட்டுக்கு அடியில் தடவினார், என்னைப் பார்த்தார். டிராஃபிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இன்னா நைனா, சுடாத துப்பாக்கிக்கெல்லாம் பேப்பர் கீது, ஓடற வண்டிக்கு இல்லியா?"

முதல் வாரத்துச் சுறுசுறுப்பு

புது வேலையில் நம்மை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு வெறி வருமே, அது எனக்கும் வந்தது. ஆறு ரிவால்வரையும் பதினாலிலிருந்து பத்தொன்பது வரை நம்பர் போட்ட கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கச் சொல்லிவிட்டு சார் தொழுகைக்குப் போனார். நான் பாப்பாவின் பழைய கவுனைக் கிழித்து எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பதினேழாம் நம்பரில் மட்டும் கைப்பிடிக் கட்டையை இறுக்குகிற திருகாணி மேல் சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. கட்டையின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு பெயர்ப்பு வேறு. யாரோ வெற்றிலை போட்ட வாயோடு கையாண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்ணெய்க்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தின்னர் வாங்கிவந்து தேய்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

சார் திரும்பி வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குப் பளபளப்பு மட்டும் தெரிந்தது. ரொம்ப சந்தோஷம் அவருக்கு. "நகைக் கடை தோத்துச்சிம்மா" என்றார்.

மதில் சண்டைக்கு ஒரு வாடகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலை ஜாஸ்தியான ஓட்டப்பந்தய ஷூ ஒன்று வாசலில் வந்து நின்றது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஊர் கோயம்புத்தூர் பக்கம், பாரிவாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டுகிறாராம். எல்லாத் துப்பாக்கியையும் பொறுமையாகப் பார்த்தார். பெயர்ப்பலகையை எல்லாம் படித்தார். எனக்கே பாசம் வந்துவிட்டது. அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் வந்து விஷயத்தைச் சொன்னார். பக்கத்து மனைக்காரர் மதிலை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டாராம். இவரைச் சாயந்தரம் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம், அதற்கு ஒரு துப்பாக்கி வாடகைக்கு வேண்டுமாம்.

நான் அவர் காலைப் பார்த்தபடியே, கொடுக்க முடியாது, அதுவும் இது வேலை செய்யாது என்று சொன்னேன். அதெல்லாம் தனக்கும் தெரியும் என்றார். தெரிந்தால் எதற்கு என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "சுட வேண்டாங்க்கா, நாங்க காப்பி குடிக்கறப்ப டேபிள் மேல சும்மா இருந்தாப் போதுங்க."

நம்பர் மறக்காத மனுஷர்

துப்பாக்கி வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார்கள், என்ன நடந்தது என்று அதில் எழுத வேண்டும். நோட்டு காலியாக இருக்கிற துப்பாக்கி இங்கே இருக்கக்கூடாது. சோதனைக்கு வருகிறவர்கள் அதைத் திருப்பி எடுத்துப்போய் உருக்கிவிடுவார்கள். பழைய ரிஜிஸ்டர்களோ பாதி கரையான், பாதி மழைத் தண்ணீர். அதனால் சார் ரிட்டையர் ஆனவர்களுக்கெல்லாம் போன் போடுவார். நான் அடிக்கட்டையில் குத்தியிருக்கிற நம்பரைப் படிப்பேன், அவர் போனில் கத்துவார்.

பதினைந்தாம் நம்பருக்கு அம்பத்தூரில் ஒரு பழைய ஏட்டு கிடைத்தார். நான் இரண்டு எண் படிப்பதற்குள் மிச்சம் மூன்றையும் அவரே சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் கீறல், எந்த மழையில் துரு பிடித்தது, யாரிடம் திட்டு வாங்கினார், எல்லாம் வந்தது. சார் வாய் பிளந்து எழுதிக்கொண்டிருந்தார். போனை வெடுக்கென்று பிடுங்குகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டம்மா பேசினார்: "அப்டியே பேத்தி எந்தக் கிளாஸ் படிக்குதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க சார், இன்னா சொல்றாருன்னு நானும் பாக்கறேன்."

ஷூ போட்ட அம்மா

இப்படியே ஆறில் ஐந்துக்கு வரலாறு கிடைத்துவிட்டது. பதினேழுக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை. அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, வாசலில் பழுப்பு நிற போலீஸ் ஷூ ஒரு ஜோடி. பாலீஷில் என் முகம் தெரிந்தது. ஆம்பளை என்று நினைத்து நிமிர்ந்தால், புடவை கட்டின ஒரு அம்மா. பெயர் சரோஜா, ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு பெண் நீதிபதிக்குப் பாதுகாப்பாக எட்டு வருஷம் இடுப்பில் ரிவால்வர் கட்டினாராம். அந்த வருஷத்து ரிஜிஸ்டர் வெள்ளத்தில் போய்விட்டது. இப்போது சொன்னால் வீட்டிலேயே நம்புவதில்லையாம். லேடி போலீஸ் என்றால் பை சோதனை போடுகிறவர் என்று மருமகன் சிரிக்கிறாராம். அவர் கேட்டது பெரிசாக ஒன்றும் இல்லை. அந்தத் துப்பாக்கி இங்கே இருந்தால் அதன் நோட்டில் தன் பெயர் ஒரு வரி வர வேண்டும்.

நம்பர் ஞாபகம் இல்லை, ஆனால் அடையாளம் இருக்கிறது என்றார். டூட்டிக்கு எடுக்கிற அலமாரியில் துப்பாக்கி எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். ஆண் போலீஸ்காரர்கள் இவருடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மக்கர் பண்ணுவதை வைத்துவிட்டுப் போவார்களாம். அதனால் திருகாணி மேல் சிவப்பு நெயில் பாலீஷ் வைத்தாராம். நான் துடைக்கிற துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். சார், அப்படி ஒன்றும் எங்களிடம் வரவில்லையே என்றார். அந்த அம்மா கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "டூட்டில வெரல்ல வெச்சிக்கக் கூடாதுன்னாங்க, அதான் துப்பாக்கிக்கு வெச்சி வுட்டேன்."

தண்ணி லாரி

அந்தச் செவ்வாய் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த செவ்வாயும் அந்த அம்மா வந்தார், அன்றைக்கும் திறக்கவில்லை. அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் படிகிற ஆவியைத் துடைத்தேன், அவ்வளவுதான். சொன்னால் வேலை போய்விடும். சார் துப்பாக்கியில் கீறல் விழுந்தாலே சாப்பிடாமல் இருக்கிற ஆள்.

இதில் கூத்து என்னவென்றால், தெருவில் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணி லாரி வந்தால் எப்போதும் என் குடம்தான் கடைசி. தள்ளினால் தள்ளிக்கொண்டு போகிறவள் நான். அந்த வாரம் பார்த்தால் குடங்கள் எல்லாம் தானாக நகர்ந்து வழி விட்டன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் தெருவுக்கே சண்டை போடுகிற ஒரு அக்கா, இன்னொருத்தியிடம் ரகசியமாகச் சொல்வது கேட்டது: "அவளாண்ட வெச்சிக்காதே, அது துப்பாக்கில வேலை செய்யுது, ஒரு வார்த்தை பேசுதா பாரு, அழுத்தம்."

திருகாணி

மூன்றாவது செவ்வாய். மறுநாள் சோதனை. சார் பதினேழாம் நம்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து, திருப்பி அனுப்புவதற்குத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சரோஜா அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருப்பது இது ஒன்றுதானே, இதுவாக இருக்கலாம் இல்லையா என்று கேட்டார். சார், ஊகத்தை நோட்டில் எழுத முடியாது என்றார். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் பாலீஷ் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "பதினேழுல செவப்பு இருந்துச்சி சார். நான்தான் தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன்" என்றேன். ஷூவைப் பார்த்துத்தான் சொன்னேன். சார் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். துணியைப் பிரித்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியில் வைத்து, அது உடையாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, தனக்குத் தெரியாது, பார்த்துச் சொல் என்றார். தலை நான் தேய்த்த மாதிரியே பளபளவென்று இருந்தது. கீழே மரையைச் சுற்றிச் சிவப்பாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. மேலே வைத்தது உள்ளே வழிந்து காய்ந்திருக்கிறது. என் துணி அங்கே வரைக்கும் போகவில்லை.

சரோஜா அம்மா ஒரு ஷூவோடு உள்ளே ஓடிவந்தார். திருகாணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், கட்டையில் அந்தப் பெயர்ப்பைத் தடவினார், கோர்ட்டு மாடிப்படியில் இடித்தது என்றார். சார் நோட்டைத் திறந்து அவர் பெயரை எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, படிக்கச் சொன்னார். மெதுவாக எழுத்துக் கூட்டினேன். மேலிருந்த அடையாளம் எந்த வாரம் அழிந்தது, எதனால் அழிந்தது, அழித்தது யார் என்று என் பெயர். இதுவும் இந்தத் துப்பாக்கிக்கு நடந்ததுதானே என்றார் சார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் சோதனைக்கு வருகிறவர்களுக்கு டீ போடச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்தார். "எட்டு வருஷம் இடுப்புல வெச்சிருந்தேன், ஒரு ஈ எறும்பக்கூட சுடல, நீ ஒரு கந்தத் துணிய வெச்சிகினு என்னியே காலி பண்ணப் பாத்தியேடி கண்ணு."

அன்றிலிருந்து எந்த அழுக்கைப் பார்த்தாலும் இது யாருடைய அடையாளமோ என்று யோசித்து அப்படியே விட்டுவிடுகிறேன், அதனால் பருத்திப்பட்டிலேயே அழுக்கான வீடு இப்போது எங்கள் வீடுதான்.