மாமனாருக்கு இறங்காத சைக்கிள்

சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கண். இரண்டும் ரோட்டுக்கு. இதைச் சொல்லும்போதே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எங்கள் பக்கத்து ஜனங்கள் இதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒருவன் சைக்கிளில் போனால் அவன் ஊருக்குப் பொது. பின்னாலிருந்து ஒருத்தன் கூப்பிடுவான். "இன்னா அண்ணாத்தே, எங்க கெளம்பிட்டே?" தினமும் ஆவடிக்குத்தான் போகிறேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் கழுத்தைத் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன். இன்னொருத்தன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டு எருமை கன்று போட்ட கதையை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவான். எருமை கன்று போடுவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடப்போம்.

அம்மன் கோயில் வந்ததும் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆட்கள் உண்டு. என்னோடு வேலை செய்த ஒருவன் அப்படிக் கும்பிட்டபடியே போய் வைக்கோல் வண்டியில் மோதி முன்பல்லைப் பறிகொடுத்தான். "ஆத்தாதான் காப்பாத்தினா" என்றான், வாய் நிறைய ரத்தத்தோடு. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தால் ஆத்தாளுக்கு அந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

அப்போது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கி, வயலையும் மேட்டையும் வளைத்து டிப்போ போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே பெட்டி அடுக்கும் வேலை. காட்டுப்பாக்கத்தில் வீடு. பூந்தமல்லி போய், வடக்கே திரும்பி, பருத்திப்பட்டு வழியாகப் போக வேண்டும். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ் ஒன்று உண்டு. அதை நம்பினால் அது மூச்சு வாங்கி வந்து சேருவதற்குள் டிப்போவில் சங்கு ஊதிவிடும். சங்கு ஊதிய பிறகு கேட்டில் நின்றால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் சைக்கிள். ரோட்டில் தார் போட்ட இடம் ஒரு லாரி அகலம்தான். இரண்டு பக்கமும் மண்; மழை பெய்தால் சேறு. அந்த ரோட்டில்தான் பட்டாளத்து லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல வரும். அசந்தால் ஆள் இல்லை.

இந்த லட்சணத்தில் எங்கள் ஜனங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மாமனார் எதிரே வந்தால் மாப்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்கி, அவரைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். பெல் அடிக்கிற பேச்சே கிடையாது. மாமனாரைப் பார்த்து பெல் அடித்தவனும் அவர் மூஞ்சியில் துப்பினவனும் ஒன்று. சைக்கிள் என்பது எங்கள் ஊருக்கு நேற்று வந்த சாமான். அதற்குள் அதற்கும் ஒரு சாஸ்திரம் எழுதிவிட்டார்கள்!

என் மாமனார் வீடு பருத்திப்பட்டில், நான் போகிற ரோட்டின் மேலேயே. வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பூந்தமல்லிப் பக்கமாக ஒரு புளியமரம். காலையும் சாயந்திரமும் அதன் கீழே நாலு பேரோடு நின்று பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார். நான் இறங்குவேன், தள்ளுவேன், தாண்டியதும் ஏறுவேன். அவர் அந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்ப்பார். என்னமோ யானையை மண்டி போட வைத்தவர் மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து போக ஒரு தடவை, வர ஒரு தடவை இந்தக் கூத்து நடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

என் பெண்சாதி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவதாகப் பேச்சு. அதற்குச் சில நாள் முன்னால், மழை விட்ட ஒரு காலையில், நான் புளியமரத்தை நெருங்கும்போது பின்னால் லாரிகள் வந்துவிட்டன. ஒன்று என்னை உரசினாற்போலப் போயிற்று. அடுத்தது வருகிற சத்தம் முதுகில் கேட்கிறது. இடது பக்கம் சேறும் தண்ணீரும். எவ்வளவு ஆழம் என்று தெரியாது. தார் ஓரத்தில் ஒரு சாண் இடம். அதிலேயே கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். கடைசி லாரி போனபோது புளியமரம் எங்கோ பின்னால் இருந்தது. மாமனார் அங்கே நின்றாரா, உட்கார்ந்தாரா, தலைகீழாகத் தொங்கினாரா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

குறித்த நாளில் அம்மாவும் நானும் புடவை, பழம், வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனோம். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னா மாப்ளே, அன்னிக்கு கண்ணை எங்க வச்சிகினு போனே?"

"ரோட்டுல மாமா. பின்னால லாரி."

"ரோடா உனக்குப் பொண்ணு குட்த்துச்சு?"

நாலு பேர் எதிரில் தன் மானம் போய்விட்டது என்றார். பார்த்தும் பார்க்காதது போல் போனேன் என்றார். அந்த நாலு பேர் எதிரில், அதே புளியமரத்தடியில் நான் இறங்கித் தள்ளிக் காட்ட வேண்டுமாம். அதோடு விட்டாரா? "இனிமே லாரி வந்தாலும் சரி, லாட்டு தொரையே வந்தாலும் சரி, எறங்குவேன்னு வாயால சொல்லணும். அப்பறம் பொண்ணை இட்டுகினு போ."

"லாரி வரும்போது எறங்கினா நான் செத்துடுவேன் மாமா."

"மருவாதி தெரியாம இருக்கறதுக்கு அது மேலு" என்றார் அந்த மகானுபாவர். தன் மகள் கழுத்துத் தாலியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இல்லை. உள்ளே குழந்தை அழுதது. கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டது. கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம்.

வழியெல்லாம் அம்மா புலம்பினாள். "ஒரு தபா எறங்கினா இன்னாடா கொறைஞ்சிடுவே? கொயந்தைக்காவ எறங்கேன்டா."

"கொயந்தைக்காவதாம்மா எறங்க மாட்டேங்கறேன். அப்பன் இல்லாத கொயந்தையா வளக்கவா?"

அன்றிலிருந்து அந்த ஆளைக் கண்டால் நான் இறங்குவதில்லை. லாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்குவதில்லை. அவர் காறித் துப்புவார். துப்பட்டும் என்று போவேன். ஆனால் அவர் செய்த பெரிய அக்கிரமம் அது இல்லை. எவன் கூப்பிட்டாலும் திரும்பாத என் கண்ணை அவர் கெடுத்துவிட்டார். அந்த வீடு வந்தால் போதும், கண் ரோட்டில் நிற்காது. கொல்லைப்பக்கம் கிணற்றுக்கு மேலே கட்டிய கொடியில் குழந்தையின் துணி காயும். அதைப் பார்ப்பேன். நாலு துணி இருந்தால் பிள்ளை சௌக்கியம் என்று நானாக ஒரு கணக்கு. துணி இல்லாத நாள் டிப்போவில் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். ஊரில் எல்லோருக்கும் புத்தி சொன்னவன், கோயிலைக் கும்பிட்டுப் பல்லை உடைத்துக்கொண்டவனை விடக் கேவலமாகிப் போனேன்.

ஒரு நாள் காலை கொடியில் ஒரு துணிகூட இல்லை. காய்ச்சலோ என்னவோ என்று கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். சைக்கிள் எப்போது நடு ரோட்டுக்குப் போயிற்று என்று தெரியவில்லை. காது கிழிகிற மாதிரி பிரேக் சத்தம் கேட்டது. திரும்பினால், பட்டாளத்து லாரியின் மூக்கு என் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. டிரைவர் நம் மெட்ராஸ் ஆள்தான். தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"டேய் சாவுகிராக்கி! ஊட்ல சொல்லிகினு வந்தியா?"

பதிலுக்கு நாலு வார்த்தை விடத் தெரியாதவன் இல்லை நான். அன்றைக்கு வாய் வரவில்லை. வீட்டில் சொல்லிக்கொண்டு வருவதா? பெண்சாதியும் பிள்ளையும் இருக்கிற வீடு பத்தடி தள்ளி இருக்கிறது. அதற்குள் போக எனக்கு வழி இல்லை. யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது? டிப்போவில் அன்று முழுக்கப் பேசினவன்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன்.

சாயந்திரம் திரும்பி வரும்போது, மாமனார் வீட்டு எதிரே ரோட்டோரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு துணி மூட்டை. வாசலில் மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பிரேக் பிடித்தேன்.

"லாரிக்காரன் கேட்டது எனக்கும் கேட்டுச்சு" என்றாள். கண் சிவந்திருந்தது; அழுது சிவந்ததா கோபத்திலா என்று தெரியவில்லை. "கெணத்தாண்ட நின்னுகினு இருந்தேன். ரோட்ல போறவன் ரோட்டைப் பாக்காம கொடியைப் பாத்துகினு போறியே, உனக்கு அறிவு கீதாய்யா? செத்துப் பூட்டிருந்தீன்னா?"

"துணி இல்ல, அதான்..."

"மழை வர மாரி இருந்துச்சு, உள்ள போட்டேன். இதுக்கோசரம் சாவியா நீ?" மூட்டையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். "இனிமே இந்த ஊட்ல நீ பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. வண்டியைப் புடி."

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை கேரியரில் உட்காருவது என்பது கேள்விப்படாத சங்கதி. புருஷன் சைக்கிளைத் தள்ளுவான், பெண்சாதி பத்தடி பின்னால் நடப்பாள். அவள் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் குழந்தையை மாரோடு அணைத்து, மறு கையால் சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மிதித்தேன்.

புளியமரத்தடியில் பேச்சு நின்றது. மாமனார் முதலில் நம்பவில்லை போலிருக்கிறது. கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடு ரோட்டுக்கு வந்து நின்றார்.

"எறங்குடா!"

மாப்பிள்ளை என்ற சொல் போய் 'டா' வந்துவிட்டது. ஆனால் பழகின கால் இருக்கிறதே, அதற்கு மானம் ரோஷம் கிடையாது. இடது கால் தானாகப் பெடலை விட்டுத் தரைக்கு நீண்டது.

"எறங்காதே" என்றாள் பின்னாலிருந்து. "கொயந்த கீது. ரோட்டைப் பாரு."

காலைப் பெடலில் வைத்தேன். அவர் நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் நாலு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"பெல்லை அடிய்யா" என்றாள்.

"உங்கப்பன்டி."

"எனக்குத் தெரியாதா? அடி."

அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன். மாமனார் ஒதுங்கினார். ஒதுங்கினவரை நான் பார்க்கவில்லை. ரோடு காலியானதை மட்டும் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், "இனிமே இந்த வாசப்படி மிதிச்சே..." என்று அவர் கத்தியது கேட்டது. அது அவளுக்குச் சொன்னது.

கொஞ்ச தூரம் போனதும் என் முதுகில் அவள் தலை முட்டியது. சட்டை நனைவது தெரிந்தது. அழுகிறாள். திரும்பிப் பார், ஒரு வார்த்தை சொல் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. நான் திரும்பவில்லை.