மின்னஞ்சலின் அடியில் இமெல்டா

இமெல்டா 1989இல் அந்த அலுவலகத்துக்குப் போனது, இதழ்களை உறைக்குள் போட்டு ஒட்டத்தான். ஒஸ்லோவிலிருந்து வந்த ‘வடகடல் உயிரியல்’ அப்போதே அறுபது வயதைக் கடந்த காலாண்டிதழ். மீனவர்களுக்காக நோர்வே மொழியில் தொடங்கி, ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போய், ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டிருந்தது. மாறாதது அட்டையிலிருந்த கொட் மீன் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்களுக்கிடையே வளர்ந்த இமெல்டாவுக்கு அதன் முழியைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

சில வருடங்களில் அவரே ஆசிரியர் பீடச் செயலாளர். கட்டுரைகள் தபாலில் வரும். அவற்றை மதிப்பிடத் தெரிந்த நிபுணர்களுக்கு அனுப்புவார். பேராசிரியர்கள் தாமதிப்பார்கள்; இமெல்டா தொலைபேசியில் துரத்துவார். துரத்தியவர்களுக்கெல்லாம் டிசம்பரில் நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கத்தையும் அவர்தான் தொடங்கினார். ஓய்வுபெற்றவர்களையும், இதழோடு பழகிய மற்றவர்களையும் விடவில்லை. ஒருவர் இறந்துவிட்டாலும் அட்டை அவர் வீட்டுக்கு, மனைவி கைக்குப் போகும்.

2004இல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் இதழை வாங்கியது. இனிக் கட்டுரைகள் இணையத்தில் வரும். அழைப்பையும் நினைவூட்டலையும் கணினியே அனுப்பும். இந்த மாற்றம் சிக்கலில்லாமல் நடந்தால் இமெல்டாவுக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மின்னஞ்சல் முகவரிகளைக் கணினியில் ஏற்றியவர் அவரே. பெயரில்லாமல் கடிதம் போவது மரியாதையில்லை என்று அழைப்புக்கும் நினைவூட்டலுக்கும் அடியில் ‘அன்புடன், இமெல்டா’ என்றும் சேர்த்தார். ஆனால் அவசரத்தில் ஏற்றியது, மின்னஞ்சலும் குறித்துவைத்திருந்த நத்தார் அட்டைப் பட்டியலை. திங்கள் காலை, நண்டுகளின் இனப்பெருக்கம் பற்றிய கட்டுரையை மதிப்பிடும்படி விதவைகளுக்கும் அச்சகக்காரருக்கும் ஆய்வுக் கப்பலின் பழைய சமையல்காரருக்கும் அழைப்புப் போய்ச் சேர்ந்தது.

அன்று ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியிலிருந்த வீட்டில் கணவர் சற்குணம் கேட்டார்: “நீர் செத்த ஆக்களையும் வேலைக்குக் கூப்பிட்டிட்டீரோ?”

“பகிடி விடாதேங்கோ. என்ர வேலை போகப்போகுது.”

“சமையல்காரன் என்ன சொன்னவன்?”

“நண்டெண்டால் அவிச்சுத் தாறன், வாசிக்கச் சொல்லாதை எண்டு எழுதியிருக்கிறார்.”

சற்குணம் சிரித்த சிரிப்பில் இமெல்டாவின் அழுகையும் நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்கப் பதில்கள் வந்தன. பேர்கன் நகரிலிருந்து ஒரு பேராசிரியரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். கணவர் இறந்துபோய் ஐந்து வருடமாம். இன்னும் அவரை யாரோ வேலைக்குத் தேடுவது நல்லாய் இருந்ததாம். நண்டில் அவரிடம் படித்த மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று பெயரும் கொடுத்தார். அந்த மாணவியே கட்டுரையை மதிப்பிட்டார்.

நிறுவனம் கண்டிக்கத்தான் வந்தது. ஆனால் அவர்களுடைய மற்ற இதழ்களின் அழைப்புகளுக்குப் பாதிப் பேர்கூடப் பதில் போடுவதில்லை. இங்கே அநேகமாக எல்லோரும் போட்டிருந்தார்கள். “அடியில் ஒரு ஆளின் பெயர் இருந்தால் இப்படித்தான்” என்றார் இதழின் ஆசிரியர். இமெல்டாவின் கதிரை தப்பியது.

2008 வரைதான். அந்த வருடம் அச்சு நின்றது; இதழ் இணையத்தில் மட்டும் வந்தது. அட்டை போனது, அட்டையோடு கொட் மீனும் போனது. அலுவலகத்தைப் பூட்டினார்கள். இமெல்டா ஒரு பாடசாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வருடம் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் ஒரு பேராசிரியர் அவரைக் கண்டதும் பொதிகளைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நேற்றும் இமெல்டாவின் நினைவூட்டல் கிடைத்ததாம். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டைக் கட்டாயம் அனுப்பிவிடுவாராம்.

இமெல்டாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“வெள்ளி என்றால் வெள்ளிதான். போன முறையும் இப்படித்தான் சொன்னீர்கள்” என்றார் நோர்வே மொழியில்.

வீட்டுக்கு வந்து, “இஞ்சருங்கோ, என்ர பேர் இன்னும் அங்கை வேலைக்குப் போகுது” என்றார்.

“நத்தாருக்கெண்டாலும் லீவு எடுக்கச் சொல்லும்” என்றார் சற்குணம்.

“நத்தாருக்குத்தான் வேலை கூட” என்றபடி இமெல்டா பையிலிருந்து புதிதாக வாங்கிய அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார்.