கதவைத் திறந்து வைக்கச் சொன்ன தவசி

உத்தமபாளையம் சாலையில் இருந்த ஒரு டவுன் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுவது தவசியின் வேலை. வால்வைத் திறக்குமுன் இரும்புச் சாவியால் குழாயில் ஓங்கித் தட்டுவார். பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள். எவ்வளவு திருகினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்பதைக் குழாயில் காதை வைத்துக் கேட்டே கற்றுக்கொண்டவர்.

எழுபத்திரண்டாம் வருடக் கோடையில் கீழத்தெருக் குழாய்கள் சொட்டத்தான் செய்தன. மேலத்தெருவில் தவசியின் மாமனார் வீடு இருப்பதால் அங்கே கூடுதலாகத் திறந்துவிடுகிறார் என்று புகார் கொடுத்தார் முத்துக்கருப்பன். கீழத்தெரு ஓட்டில் ஜெயித்து மேலத்தெருவில் குடியிருந்த உறுப்பினர் அவர். புகார் நிலைத்தால் தவசிக்கு வேலை போய்விடும்.

கூட்டத்தன்று ஜன்னலெல்லாம் கீழத்தெருப் பெண்கள். தலைவர் சண்முகராஜ் நல்ல மனிதர்தான்.

“ஊழியர் மேல வந்த புகார். நாலு பேர் முன்னால பேசுனா அவருக்குத்தான் கேவலம். ஜன்னல்ல நிக்கிறவுக எல்லாரும் கலைஞ்சு போங்க.”

காரணத்தை எழுதிவைத்துவிட்டுக் கதவை மூடச் சட்டத்தில் இடமிருந்தது. கிளார்க் எழுதத் தொடங்கினார்.

தவசிக்குக் குழாய் பிட்டர் சின்னக்கருப்பின் நினைவு வந்தது. அவர் மேல் வந்த புகாரையும் இப்படித்தான் மூடிப் பேசினார்கள். குற்றமில்லை என்றே முடித்தார்கள். அது வெளியே யார் காதுக்கும் எட்டவில்லை. ஊர் வாய்க்கு வந்ததைப் பேச, அவர் குடும்பத்தோடு மேகமலை எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

“தலைவரய்யா, எனக்காகத்தான மூடுறீக? எனக்காகவே தொறந்து வையுங்க,” என்றார் தவசி.

“யோவ், வேலை போறதையும் ஊரே பாக்கும்யா,” என்றார் முத்துக்கருப்பன்.

“பாக்கட்டும்ங்க.”

தலைவர் கிளார்க்கிடம் எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டுப் புகாரை வாசிக்கச் சொன்னார். மேலத்தெருவில் தண்ணீர் பீச்சியடிப்பதாக வந்த இடத்தில் ஜன்னலிலிருந்து ஒரு குரல். அந்தத் தெரு வீடுகளில் பால் கறக்கும் மொக்கம்மாள்.

“பீச்சாம என்ன செய்யும்? குழாய அறுத்து இடுப்பளவு குழிக்குள்ள எறக்கி வச்சிருக்காகல்ல! எங்க தெருவுக்கு வர்ற தண்ணி பூராம் அந்தப் பள்ளத்துலயே எறங்கிருது!”

“யார் வீட்டுலம்மா?” என்றார் தலைவர்.

“மெம்பரய்யா வீட்டுலயே இருக்கே! போன வாரம் அவுக கன்னுக்குட்டி உள்ள விழுந்து, நாங்கதான தூக்குனோம்!”

ஜன்னல்கள் சிரித்தன. முத்துக்கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் மட்டுமா தோண்டுனேன்? இவன் மாமனார் வீட்டுலயும்தான் இருக்கு!”

“இருக்குங்க. சொல்லிப் பாத்தேன், கேக்கல,” என்றார் தவசி. “மொத மண்ண அங்கன போடச் சொல்லுங்க.”

புகாரைத் தள்ளி, குழிகளை மூட உத்தரவு போட்டார்கள். மறுநாள் மாமனார் வீட்டு முன்னால் மண்வெட்டிச் சத்தமும் மாமனாரின் வசவும் சேர்ந்தே கேட்டன. கீழத்தெருவில் குடங்கள் நிறைந்தன.

தவசி அதோடு விடவில்லை. சின்னக்கருப்பு மேல் குற்றமில்லை என்ற பழைய தீர்மானத்தையும் வாசலில் நின்று வாசிக்க வேண்டும் என்று தலைவரிடம் கேட்டார். அடுத்த கூட்டத்தன்று கிளார்க் அதை உரக்க வாசித்தார். ஜன்னலோரம் மொக்கம்மாளுக்குப் பக்கத்தில், தவசி சொல்லியனுப்பி மேகமலை பஸ்ஸில் வந்து இறங்கிய சின்னக்கருப்பு நின்றிருந்தார்.

“எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொருக்கா வாசிங்க,” என்றார்.

கிளார்க் மறுபடியும் வாசித்தார்.