லம்ஜித் கொட்டிய யூரியா

பாலைவன ஊரான கெபிலியில் எங்கள் பேரீச்சந்தோப்பை ஒட்டி, பக்கத்து வீட்டு ஜாஸியா சத்துணவாக விற்கும் சுருள்பாசி வளர்த்தாள். பூமிக்குள்ளிருந்து சூடாக வரும் தண்ணீரை ஆறவிட்டு, உப்பும் சமையல் சோடாவும் கலந்து தொட்டியில் நிரப்புவாள். பாசி கரும்பச்சையாகத் திரண்டதும் நானும் அவளும் துணியில் வடித்துக் காயப்போடுவோம்.

அந்தக் கோடையில் பாசிக்கு உரமாகப் போடும் நைட்ரேட் எங்கும் கிடைக்கவில்லை. பாசி மஞ்சளித்து, வளர்ச்சி நின்றுபோனது. பசியில்தான் வெளுத்திருக்கிறது, நிழல் கட்டினால் தாங்கும் என்றாள் ஜாஸியா. அவள் புருஷன் லம்ஜித்துக்குப் பொறுக்கவில்லை. நெஞ்சு நோய் முற்றி, காபெஸ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டிய நாள் அது. போவதற்குள் அவளுக்கு ஏதாவது செய்துவிட நினைத்து, மரங்களுக்கு வைத்திருந்த யூரியாவை மூச்சிரைக்க இழுத்துவந்து தொட்டியில் கொட்டிவிட்டான்.

மறுநாள் தொட்டியருகே நிற்க முடியவில்லை. அமோனியா நெடி கண்ணை எரித்தது. பாசி பழுப்பாகிச் செத்து மிதந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டபோதெல்லாம், பச்சை பிடித்துவிட்டது என்றே ஜாஸியா சொன்னாள்.

"நீ சொட்டுச் சொட்டா ஊட்டுவ. நான் வயிறார போட்டேன், பாத்தியா?" என்று சீண்டினான். அவளும் சிரித்தாள்.

இனி வைத்தியமில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் நான் தெரிந்தவரிடம் ஒரு ஜாடி உயிர்ப்பாசி வாங்கிவந்திருந்தேன். ஒரு ஜாடியால் தொட்டி நிறையுமா? ஜாஸியா அதைத் துணி அலசும் அண்டாவில் விட்டுப் பெருக்கத் தொடங்கியிருந்தாள்.

லம்ஜித் வந்ததும் பாசியைப் பார்க்கவேண்டும் என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாற்காலியோடு தூக்கிப்போனோம். கழுவிக் காயவிட்ட வெறுந்தொட்டியை வெகுநேரம் பார்த்தான்.

"என்னாலயா?"

"வெயில்தான்."

"வெயில் எப்பவும்தானே அடிக்குது, ஜாஸியா."

அவள் குனிந்து, பக்கத்திலிருந்த அண்டாவைக் கிளறினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏதாவது போட்டியா?" என்றான்.

"போட்டேன். கொஞ்சமா."

"கொஞ்சமாவே போடு."

பேரீச்சை அறுப்புக்கு முன்பே போய்விட்டான். துக்கத்துக்கு வந்த பெண்கள் நடுவிலிருந்து ஜாஸியா அடிக்கடி எழுந்துபோனாள். கிளறாமல் விட்டால் பாசி அடியில் தங்கி அழுகிவிடும். இந்த நேரத்திலும் இவளுக்குப் பாசிதானா என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல், அழுதபடியே கிளறிக்கொண்டிருந்தாள்.