ரெட்டைக்கோட்டுச் சட்டை

எங்கள் தெருவில் லாண்டரி வைத்திருந்த அக்காவுக்கு ஆட்களின் முகம் ஞாபகம் இருக்காது. சட்டைதான் ஞாபகம் இருக்கும். கையில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துக்கொண்டு வருகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் துணி கருகிவிடும் என்பாள். குனிந்த தலை நிமிராமலே ஆளுக்கொரு பட்டம் வைத்திருந்தாள். கஞ்சி டீச்சர், பட்டன் போன பச்சை, ரெட்டைக்கோடு. பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் நான் ஆயில் காலர். என் காலரில் எண்ணெயே இல்லை என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "உன் கண்ணுக்குத் தெரியாது தம்பி. துவைக்கிறவளுக்குத்தான் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ரெட்டைக்கோடுக்கு மட்டும் அவளிடம் தனிச் சலுகை. அவனுடைய கோடு போட்ட சட்டையின் பாக்கெட்டை ஒருமுறை கருக்கிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பார்கள். அவன், "பரவால்லக்கா, விடுங்க" என்றான். மனசு கேட்காமல், சட்டையின் உள்மடிப்பிலிருந்தே துணி வெட்டிப் புதுப் பாக்கெட் தைத்தாள். கோடு கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. அந்தச் சட்டை சலவைக்கு வரும்போதெல்லாம் கோணல் கோட்டைத் தடவிப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்வாள். அவன் வந்தால், "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்காமல் அனுப்பமாட்டாள்.

பிறகு ஊரில் கலவரம் வந்தது. ஏன் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடை எரிந்தவனிடம் காரணம் சொல்லி என்ன பிரயோஜனம்? அக்காவின் புருஷன் லாரியோடு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார், போனும் போகவில்லை. மதியம் தெருமுனைச் செருப்புக்கடையிலிருந்து கரும்புகை கிளம்பியதும், நான் கடிகாரங்களை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் கடைக்கு ஓடினேன்.

"கிளம்புக்கா. வர்றாங்க."

"உன் கடை ஒரு பையில அடங்கிடுச்சு. என் கடை எதுல அடங்கும்?" என்றாள். கூரை வரைக்கும் துணி தொங்கிக்கொண்டிருந்தது. "அத்தனையும் அடுத்தவங்களுதுடா. நாளைக்குக் கல்யாணத்துக்குப் போட வேண்டிய துணி இருக்கு. ரெட்டைக்கோடு தம்பியோட அப்பா, செத்துப்போனவரு, அவரோட கோட்டு இருக்கு. வந்து கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?"

"உன் மூஞ்சியே மிஞ்சுமான்னு நான் பயந்துட்டிருக்கேன்."

அவள் அசையவில்லை. விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு எனக்கும் கல்மனசு இல்லை. உள்ளிருந்தே ஷட்டரை இறக்கி, இஸ்திரி மேஜையைத் தள்ளி முட்டுக் கொடுத்தோம். அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "விட்ரு சாமி, இதை மட்டும் விட்ரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

வந்துவிட்டார்கள். கல் விழுந்தது, கடப்பாரை விழுந்தது. ஷட்டர் பாதிக்கு வளைந்து மேலே போனது, மேஜை எங்கள் காலில் வந்து இடித்தது. வெளியே எல்லா முகத்திலும் துணி கட்டியிருந்தது. ஒருவன் கையில் பெட்ரோல் பாட்டில் இருந்தது.

அப்போது முன்னால் நின்றவன் கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்தான். "டேய், விடுங்கடா. இது லாண்டரி. உள்ள ஒண்ணுமில்ல, பழைய துணிதான். அடுத்த கடைக்கு வாங்க."

கூட்டம் தயங்கியது. சிலர் திரும்பவே தொடங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

அக்கா, தடுத்தவனின் சட்டையைப் பார்த்துவிட்டாள். பாக்கெட்டில் கோடு தள்ளியிருந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல அவள் முகம் மலர்ந்தது. மேஜையைச் சுற்றி முன்னால் ஓடினாள்.

"ரெட்டைக்கோடு தம்பியா? நீயா? நல்ல நேரத்துல வந்தப்பா. அம்மா நல்லா இருக்காங்களா?"

தெரிந்தவன் ஒருவன் இருந்தால் கடை பிழைத்துவிடும் என்று நம்பினாள். முகத்தை மூடிக்கொண்டு வந்தவனுக்குத் தெரிந்தவள்தான் பெரிய ஆபத்து என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

"உன்னைத் தெரியுமாடா இவளுக்கு?" என்றான் பாட்டில்காரன்.

துணிக்கு மேலே ரெட்டைக்கோடின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவளைப் பார்த்தான், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "யாரு இவ? எனக்குத் தெரியாது" என்றான். சொன்னது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். பாட்டில்காரன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கித் தானே பற்றவைத்து வீசினான்.

அவளைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் கைக்கு அகப்பட்டதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பாதுகாப்பான இடத்தில் பிரித்துப் பார்த்தால் வெறும் தலையணை உறைகள். அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

ஊர் அடங்கியதும், கரிந்த கடைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். டோக்கனோடு வருகிறவர்களிடமெல்லாம், "எரிஞ்சு போச்சுங்க. மன்னிச்சுக்கங்க" என்றாள். கொளுத்தினவன் அவன், மன்னிப்புக் கேட்பது இவளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வா என்றால் வரவில்லை.

ஒருநாள் அவனும் வந்தான். கசங்கிய வெள்ளைச் சட்டை. கையில் டோக்கன்.

"அப்பாவோட கோட்டுக்கா. அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எரிஞ்சு போச்சுங்க. மன்னிச்சுக்கங்க."

அவன் போகவில்லை. "அக்கா, என்னைத் தெரியலையா?"

இஸ்திரிப்பெட்டி இல்லை, கருகிப்போக ஒரு துணி இல்லை. ஆனாலும் அவள் தலையைத் தூக்கவில்லை.

"தெரியலைங்க. எனக்கு யாரையும் தெரியாதுங்க."

அவன் டோக்கனைக் கையில் கசக்கியபடி திரும்பி நடந்தான். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அவள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் மெதுவாக. "போயிட்டானா பாரு."