நான் பிறந்த வயல்

எதிர்காலக் கொடுங்கோல் அரசுகளைப் பற்றிய நாவல்கள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் உட்கார்ந்து படிக்க முடியாது. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். மக்களின் ஞாபகத்தை அழிக்க அந்த அரசுகள் ஊசி போடும், மூளைக்குள் கம்பி நுழைக்கும். வெட்டிச் செலவு என்று எரிச்சல் வரும். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் மிராசுதார் வாய்ச்சொல்லிலேயே காரியத்தை முடித்தவர்.

குத்தகைக்கு உழுபவரின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. மிராசுதார் வருஷா வருஷம் எல்லோரையும் வயல் மாற்றிவிட்டார். இந்த வருஷம் வாய்க்காலோரம், அடுத்த வருஷம் மேட்டுப் பக்கம். இது என் சாகுபடி என்று ஒருவரும் கைநீட்டிக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். மிராசுதாரின் நிலபுலன்களைக் கவனிக்கும் காரியக்காரரும் பக்கத்திலேயே நின்றார்.

"நீ எந்த வயல்ல சாகுபடி பண்ற?" என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாம் ஐயா வயலுங்க" என்றார் அப்பா. மரியாதைக்குச் சொல்லிப் பழகிய வாய்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாய்க்காலோர வயல்ல எங்க நடவு நடக்குறப்பதாங்க எனக்கு வலி வந்துச்சு. இந்தப் பொண்ணு அந்த வரப்புலதான் பொறந்துச்சு. இவரையே கேளுங்க!"

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா காரியக்காரரைப் பார்த்தார்.

"இல்லீங்க. புள்ள ஆஸ்பத்திரியில பொறந்துச்சு" என்றார் அப்பா.

பெயர் பதிவாகவில்லை. உழுவதற்கு மட்டும் எங்களுக்கு மறுபடி ஒரு வயல் கிடைத்தது. "அதையும் புடுங்கிட்டா கஞ்சிக்கு எங்க போறது?" என்று அப்பா வீட்டில் கத்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

பிறகு மிராசுதார் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு, காரியக்காரரையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போனார். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்பாவின் பதில் மட்டும் போகவில்லை, வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜன்னல் வந்தது, சிடுசிடுப்பான நர்ஸம்மா ஒருத்தி வந்தாள், வெளியே மழைகூடப் பெய்தது. கேட்கக் கேட்க எனக்கே அந்த ஜன்னல் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. பயந்து போனேன். அம்மா சொன்னதைச் சுமக்க இனி என்னை விட்டால் ஆளில்லை.

போன பொங்கலுக்கு என் மகள் கேட்டாள்: "அம்மா, நீ எங்க பொறந்த?"

"ஆஸ்பத்திரியிலதான்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"இல்ல. வயல்ல பொறந்தேன். நாங்க சாகுபடி பண்ணின வயல்ல" என்றேன், குரலை உயர்த்தியே.

அப்பா மறுக்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மெதுவா பேசும்மா. காரியக்காரர் காதுல விழுந்துடப் போவுது."